காலை ஏழு மணிக்கு சர்வர் கிராஃப் தானாகப் படமாக வரவேண்டும், வழி உண்டா?

ஆரல்காற்று | திங்கள், காலை 8:50

தோவாளையில் ஒரு பூ மொத்த வியாபாரக் கடைக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் கடையில் இல்லை. மும்பையில் வாடகைக்கு எடுத்த கிளவுட் மெஷின், உபுண்டு ஓடுகிறது. கடையில் பதினொரு பில்லிங் கம்ப்யூட்டர்கள் அதோடு பேசும்.

பிரச்சினை இதுதான். விடியக்காலம் வெளியூர் லாரி வந்து பூ இறங்கும் நேரத்தில் பில் அடிக்க இழுக்கிறது என்று கடைப் பையன்கள் புகார் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டால் "நல்ல திரக்கு நேரம்" என்பார்கள். பிச்சியும் அரளியும் கூடை கூடையாகப் போகும்போது கடிகாரம் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது!

முதலாளிக்கு அறுபது தாண்டிவிட்டது. லாகின் செய்து பார்க்கச் சொன்னால் பார்க்கமாட்டார். "தம்பி, தினமும் காலையில் ஏழு மணிக்கு எனக்கு ஒரு படம் அனுப்பு, ஏறியிருக்கா இறங்கியிருக்கா என்று நான் பார்த்துக்கொள்வேன்" என்றார். ஒன்பது நாள் நானே எழுந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். பத்தாவது நாள் தூங்கிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து பில் நின்றது.

படம் தானாக வரையப்பட்டுத் தானாக வரவேண்டும். என்ன போடலாம்?

வடசேரி பஸ் | திங்கள், காலை 9:05

டேஷ்போர்டு காட்ட கிராஃபனா போடு. எண்ணைச் சேகரிக்க பிரமீத்தியஸ் போடு. முடிந்தது.

ஆரல்காற்று | திங்கள், காலை 9:20

அண்ணே, மெஷினில் இரண்டு ஜிபி ராம்தான். டேஷ்போர்டு அழகாக வரும், தெரியும். ஆனால் அதைப் படமாக எடுத்து அனுப்ப, இமேஜ் ரெண்டரர் பின்னால் ஒரு குரோமியம் பிரவுசரையே ஓட்டுகிறது. ஒரே ஒரு கிராஃபுக்காக சர்வருக்குள் பிரவுசரை ஓட்டினால் பில் இன்னும் இழுக்கும். முதலாளிக்கு டேஷ்போர்டும் வேண்டாம், ஒரு படம் போதும்.

வேளிமலை | திங்கள், காலை 11:30

தம்பி, உனக்கு வேண்டியது பழைய சாமான், எண்களைச் சேமித்து கிராஃப் வரையும் நிரல். ஆர்ஆர்டிடூல்.

கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள். 1995ல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் வேலை பார்த்தார். வெளியுலகத்துக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு. ஆயிரம் கம்ப்யூட்டர்களுக்கு மேல் அதில் தொங்கின. லைன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக வரையப்படும் ஒரு கிராஃபை வெப் பக்கத்தில் போட்டார். அதுதான் எம்ஆர்டிஜி. அதிலிருந்து கிளைத்து 1999ல் வந்தது ஆர்ஆர்டிடூல். ஆக, நீ கேட்கிற வேலைக்கென்றே பிறந்தது அது.

இரண்டு வேலையைப் போட்டுக் குழப்பாதே. எண்களைச் சேகரிப்பது ஒன்று, படம் வரைவது இன்னொன்று. படம் ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்பதால் எண்ணையும் ஒரு நாளைக்கு ஒருமுறை எடுத்தால், ஏழு மணிக்கு சர்வர் எப்படி இருந்தது என்பது மட்டும்தான் தெரியும். சேகரிக்கும் ஸ்கிரிப்டுக்கு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் லினக்ஸ் வசதி) */5 * * * * என்று போடு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். வரையும் ஸ்கிரிப்டுக்கு 0 7 * * * போதும்; முதல் எண் நிமிடம், அடுத்தது மணி.

ஆர்ஆர்டி கோப்பின் அளவு பிறக்கும்போதே முடிவாகிவிடும், அப்புறம் வளராது. அது ஒரு வட்டம். கடைசி இடம் நிரம்பியதும் முதல் இடத்தில் உள்ள பழையதன் மேலேயே எழுதும். ஒவ்வொரு எண்ணுக்கும் எட்டு பைட். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஒரு வாரம் வைத்தால் 2016 எண்கள், சுமார் 16 கேபி. ஒரு வருடமே வைத்தாலும் 1,05,120 எண்கள், ஒரு எம்பிகூட வராது. லாக் கோப்பு வளர்ந்து வளர்ந்து டிஸ்க் நிரம்பி, பாதிராத்திரி போன் வந்து எழுந்தவனுக்கு இதன் அருமை தெரியும். (எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது.)

கோப்பை உருவாக்கும்போது இடைவெளி 300 விநாடி, ஹார்ட்பீட் 600 கொடு. பத்து நிமிடம் எண் வராவிட்டால் அந்த இடம் "தெரியாது" என்று பதிவாகி படத்தில் வெற்றாக இருக்கும். சேகரிப்பு நின்றதா, சர்வர் சும்மா இருந்ததா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். எண் வராத இடத்தில் சுழியைத் தள்ளுகிற ஸ்கிரிப்டை மட்டும் எழுதாதே.

மட்டிப்பழம் | திங்கள், மதியம் 1:15

ஆர்ஆர்டிடூலின் கட்டளையை ஒருமுறை எழுதிப் பார்த்தால் அப்புறம் யாரும் பைத்தானை விட்டுப் போகமாட்டார்கள். ஒரு வரியில் நாற்பது முக்காற்புள்ளி!

என் வழி: சிஸ்ஸ்டாட் நிறுவுங்கள். அதில் "சார்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. (எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் "சார்கிட்ட கேளு" என்றேன், அவள் மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள்.) வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் தானே எழுதி வைத்துக்கொள்ளும். உபுண்டுவில் நிறுவினால் மட்டும் போதாது, சேகரிப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். பலர் அங்கேதான் ஏமாறுவார்கள். கூடவே வரும் "எஸ்ஏடிஎஃப்" அந்த எண்களை சிஎஸ்வி அட்டவணையாகத் தரும், எஸ்விஜி படமாகவும் தரும். ஆனால் வாட்ஸ்அப்பில் எஸ்விஜி படமாகத் தெரியாது. அதனால் சிஎஸ்வியை எடுத்து, பைத்தானில் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பில் பிஎன்ஜியாக வரைந்துவிடுங்கள். இருபது வரி ஸ்கிரிப்ட்.

இரண்டு எச்சரிக்கை. சர்வரில் திரை கிடையாது, அதனால் பேக்எண்ட் (படத்தை வரையும் பின்பகுதி) "ஆக்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒரே ஸ்கிரிப்ட் நிறுத்தாமல் ஓடி வரைந்துகொண்டே இருப்பதாக இருந்தால், ஒவ்வொரு படமும் முடிந்ததும் அதை மூடுங்கள். மூடாவிட்டால் ஒவ்வொன்றும் மெமரியில் உட்கார்ந்திருக்கும்.

வேளிமலை | திங்கள், மதியம் 1:40

முக்காற்புள்ளி என்னவோ உண்மை. ஆனால் ஒருமுறை எழுதினால் பத்து வருடம் தொடவேண்டாம். உன் பைத்தானுக்கு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நைவேத்தியம் வைக்கவேண்டும்.

குழித்துறை டீச்சர் | திங்கள், இரவு 8:10

தம்பி, முதலாளிக்குப் போகிற படம் என்றால் எழுத்து தமிழில் இருந்தால் நல்லது இல்லையா? அப்படியானால் மட்டிப்பழத்தின் வழியில் ஒரு குழி இருக்கிறது.

எங்கள் லேபில் நாற்பது கம்ப்யூட்டர். வாராவாரம் அவற்றின் பயன்பாட்டைப் படமாக எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். மேட்பிளாட்லிப்பில் "நேரம்" என்று எழுதினேன். படத்தில் ந முதலில் வந்து, இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது. "சேமிப்பு", "மெமரி" எல்லாம் இதே கதி. எழுத்துரு கோளாறு என்று நினைத்து நான்கைந்து எழுத்துரு மாற்றினேன், பயன் இல்லை. தமிழில் கொம்பு உச்சரிப்பில் பின்னால் வரும், எழுத்தில் முன்னால் நிற்கும். கணினி சேமிப்பது உச்சரிப்பு வரிசையில். அதை எடுத்து முன்னால் வைக்க ஒரு வடிவமைப்பு இயந்திரம் வேண்டும். என்னிடம் இருந்த பதிப்பில் அது இல்லை. எம்பிஎல்கெய்ரோ என்று ஒரு மாற்று பேக்எண்ட் போட்டால் சரியாகும், ஆனால் நிறுவுவது பாடு.

ஆர்ஆர்டிடூலும், நியூபிளாட் என்ற இன்னொரு வரைபட நிரலின் பிஎன்ஜிகெய்ரோவும் எழுத்தைப் பாங்கோ என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் வழியாக வரைகின்றன. அதில் கொம்பு அதன் இடத்தில் நிற்கும். சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவியிருக்கவேண்டும், அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எது இருந்தாலும் போதும். இல்லாவிட்டால் வரிசையாகக் கட்டம்தான் வரும்.

மட்டிப்பழம் | திங்கள், இரவு 8:25

இது எனக்குத் தெரியாது டீச்சர். நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் போடுவேன். சரி, இந்த ஆட்டத்தில் நான் அவுட்.

ஆரல்காற்று | புதன், காலை 7:55

ஆர்ஆர்டிடூலில் வரைந்தேன். கையால் ஓட்டினால் படம் பிரமாதம். "சிபியு பயன்பாடு", "நேரம்" எல்லாம் தமிழில் வருகிறது. டீச்சருக்கு நன்றி. ஆனால் கிரானில் போட்டால் ஒன்றுமே வரவில்லை. கோப்பே உருவாகவில்லை, பிழையும் எங்கேயும் காணோம். ஒரே வரி, அப்படியே நகல் எடுத்து ஒட்டியதுதான். கோப்பின் பெயரில் அன்றைய தேதி வரும்படி வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

வேளிமலை | புதன், காலை 8:10

தேதி என்றாயா? தேதியின் வடிவத்துக்கு % குறி போட்டிருப்பாய். கிரான்டேப் வரியில் % வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் உள்ளது மட்டும்தான் கட்டளை. மிச்சமெல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போடு, \% என்று. அதைவிட நல்லது, எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி கிரானில் அந்தக் கோப்பின் பெயரை மட்டும் வை. ஸ்கிரிப்டுக்குள் % எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

கிரானுக்கு உன் பாத்தும் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) தெரியாது. நீ டெர்மினலில் உட்காரும்போது இருக்கும் சூழல் அதற்குக் கிடையாது. கட்டளைகளை முழுப் பாதையோடு எழுது. பிழையை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடு. அது இருந்திருந்தால் இரண்டு நாள் தலைமுடி மிஞ்சியிருக்கும்.

வடசேரி பஸ் | புதன், காலை 8:30

இந்த % விஷயம் எனக்கும் ஒருமுறை நடந்தது. அதிலிருந்து நான் கிரானுக்கு மாற்றான சிஸ்டம்டி டைமருக்கு மாறிவிட்டேன். ஏழு மணிக்கு மெஷின் அணைந்திருந்தாலும், பெர்ஸிஸ்டென்ட் என்று போட்டு வைத்தால் எழுந்ததும் விட்டுப்போன வேலையை ஓட்டிவிடும். கிரான் அந்த நேரம் போனால் போனதுதான்.

ஆரல்காற்று | வியாழன், மதியம் 12:50

% தான்! ஸ்கிரிப்டில் போட்டேன், ஓடுகிறது. படம் வந்துவிட்டது. முதல் நாள் மட்டும் மதியம் பன்னிரண்டரைக்கு வந்தது. சர்வர் வேறு ஊர் நேரத்தில் ஓடுகிறது போல. 30 1 * * * என்று மாற்றிவிட்டேன், நாளை சரியாக ஏழுக்கு வரும்.

ஆரல்காற்று | ஞாயிறு, காலை 9:15

மூன்று நாளாகப் படம் ஏழு மணிக்கு டாண் என்று போகிறது. வாட்ஸ்அப்பில் தானாக அனுப்ப அங்கீகாரம், கணக்கு என்று ஏகப்பட்ட வேலை. முதலாளியின் பேரன் அவருக்கு டெலிகிராம் போட்டுக் கொடுத்தான், ஒரு பாட் (தானியங்கிக் கணக்கு) வழியாக அனுப்புகிறேன். முதலில் போட்டோவாக அனுப்பினேன், சுருக்கி அனுப்பியதில் கோடும் எழுத்தும் மசமசவென்று ஆனது. இப்போது டாக்குமென்டாக அனுப்புகிறேன், பளிச்.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு "ஏண்டே, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்றார். கம்ப்யூட்டர் திரைக்கு வரைவதுபோல அகலமாக வரைந்திருந்தேன். அவர் போனை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்ப்பார். அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினேன், கோட்டைத் தடிமனாக்கினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். ஆர்ஆர்டிடூலில் கொடுக்கும் அகலம் கோடு வரையும் கட்டத்துக்கு மட்டும்தான், ஓரங்கள் தனி என்பது இதில் தெரிந்துகொண்டது.

ஆனால் மூலப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. வெள்ளியும் சனியும் விடியக்காலம் பில் நின்றதாகப் பையன்கள் சொல்கிறார்கள். படத்தில் நாலு மணிப் பக்கம் பார்த்தால் தரை மாதிரி சமமாக இருக்கிறது. சிபியு பத்து சதவீதம்கூடத் தாண்டவில்லை. ராத்திரி 22:30 அளவில் மட்டும் சின்ன மேடு. "ராத்திரி பத்தரைக்குக் கடையில் எலிதான் இருக்கும், அதைப் பார்த்து நான் என்ன செய்ய" என்றார் முதலாளி. எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. கடையில் நெட் கோளாறோ?

வடசேரி பஸ் | ஞாயிறு, காலை 9:40

நெட்தான். மழைக்காலத்தில் எங்கள் பக்கமும் இப்படித்தான். ரவுட்டரை மாற்றிப் பார்.

வேளிமலை | ஞாயிறு, காலை 10:20

ரவுட்டரில் கைவைக்கும் முன்னால் இதைச் செய். நீ சிபியு மட்டும் வரைகிறாய். சிபியு சும்மா இருக்கும்போதே சர்வர் திணறலாம். டிஸ்குக்காகக் காத்திருக்கும் வேலைகள் சிபியுவைத் தின்னாது. லினக்ஸில் லோட் ஆவரேஜ் (ஓடும், வரிசையில் நிற்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) அப்படிக் காத்திருப்பவற்றையும் சேர்த்துத்தான் எண்ணும். லோடையும் ஐஓவெயிட்டையும் (டிஸ்குக்காக சிபியு சும்மா காத்திருந்த நேரம்) அதே படத்தில் போடு. பதிவு இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்றே தொடங்கு.

சராசரியை மட்டும் நம்பாதே. ஆர்ஆர்டியில் நீண்ட காலத்துக்குச் சுருக்கும்போது சராசரியோடு உச்சத்துக்கும் தனி வரிசை வை. அரைமணி நேரம் ஓடிய மேட்டை நாள் சராசரியில் போட்டால் பாயசத்தில் விழுந்த உப்புக்கல் மாதிரி கரைந்துபோகும். நாவில் பட்டவனுக்குத்தான் தெரியும், பாத்திரத்தைப் பார்த்தால் தெரியாது.

முட்டம் விளக்கு | ஞாயிறு, பிற்பகல் 3:30

நான் சர்வர்க்காரன் இல்லை. முட்டத்தில் ஒரு ஐஸ் பிளான்டில் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரை வைத்து குளிர் அறையின் வெப்பத்தையும், அந்தப் பையின் சொந்தச் சூட்டையும் கிராஃப் போடுகிறேன். உங்கள் கதையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது, தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய பை, அதில் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்தால்தான் சரியான நேரத்தைப் பிடிக்கும். ஆடி மாதம் ஒரு காற்று மழையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்தபோது இணையம் வரவில்லை. பையின் நேரம் பின்னால் போய்விட்டதால், முந்தைய பதிவைவிடப் பழைய நேரம் என்று சொல்லி ஆர்ஆர்டி கொஞ்ச நேரம் எண்ணையே வாங்கவில்லை. அப்புறம் வாங்கியது, ஆனால் மூன்று மணி நேரம் பிந்திய கடிகாரத்தில். முதலாளி படத்தைப் பார்த்தார். ஐஸ் உருகியது கரண்ட் போன நேரத்திலேயே என்று காட்டியது. உண்மையில் உருகியது கரண்ட் வந்து, கம்ப்ரஸர் ஓடாமல் நின்றபோது. ஆபரேட்டர் தப்பித்தார், மின்வாரியத்துக்குத் திட்டு விழுந்தது. பிறகுதான் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லை வாங்கி மாட்டினேன். நாணய பேட்டரி போட்டது, கரண்ட் போனாலும் நேரம் போகாது.

அதனால் கேட்கிறேன். உங்கள் படத்தின் அடியில் இருக்கிற நேரம் யார் நேரம்?

குழித்துறை டீச்சர் | ஞாயிறு, மாலை 5:05

முட்டம் தம்பி கேட்டது சரியான கேள்வி. பதில் ஆரல்காற்றே வியாழக்கிழமை எழுதியதில் இருக்கிறது. "முதல் நாள் மட்டும் மதியம் பன்னிரண்டரைக்கு வந்தது."

ஏழு மணிக்கு என்று போட்டது பன்னிரண்டரைக்கு வந்தால் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். சர்வர் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. கிரானுக்கு மட்டும் கணக்குப் போட்டு 30 1 என்று மாற்றினீர்கள். படத்தின் அச்சு இன்னும் யுடிசிதான். வலது ஓரம் 01:30ல் முடிகிறதா என்று பாருங்கள்.

22:30 உடன் ஐந்தரையைக் கூட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்கு கொடுப்பது போல விட்டுவிடுகிறேன்.

ஆரல்காற்று | ஞாயிறு, மாலை 5:12

விடியக்காலம் நாலு மணி.

ஐயோ.

வடசேரி பஸ் | ஞாயிறு, மாலை 5:20

ரவுட்டரை மாற்றவேண்டாம்.

ஆரல்காற்று | ஞாயிறு, இரவு 9:45

ரூட் பயனரின் கிரான்டேப்பைத் திறந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய வரி. தொடக்கத்தில் 30 22 * * *, பக்கத்தில் மைஎஸ்க்யூஎல்டம்ப் (டேட்டாபேஸை நகல் எடுப்பது), அப்புறம் ஜிஸிப் (அதைச் சுருக்குவது). ராத்திரி பத்தரைக்குக் கடை பூட்டியிருக்கும், பேக்கப் எடுக்கலாம் என்று நல்ல மனதோடுதான் வைத்திருக்கிறார். சர்வருக்குப் பத்தரை, தோவாளைக்கு நாலு. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அதே ஐந்தரை மணி நேரத்தை நானே கையால் கணக்குப் போட்டுவிட்டு மூன்று நாள் படத்தைப் பார்த்து முழித்திருக்கிறேன்.

லோடையும் ஐஓவெயிட்டையும் சார் சேகரித்து வைத்திருந்ததிலிருந்து எடுத்து வரைந்தேன் (மட்டிப்பழத்துக்கு ஒரு வணக்கம், திங்கட்கிழமையே அதையும் இயக்கி வைத்தது நல்லதாயிற்று). சிபியுவில் சின்ன மேடாகத் தெரிந்தது, லோடில் மலை. நாலு மணியிலிருந்து நாலே முக்கால் வரை ஐஓவெயிட் ஏறி நிற்கிறது.

மட்டிப்பழம் | ஞாயிறு, இரவு 10:00

"ஆட்டத்தில் அவுட்" என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

டம்ப் கட்டளையில் சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல்டம்ப் வழக்கமாக டேபிள்களைப் பூட்டிவிட்டுத்தான் நகல் எடுக்கும். அந்த நேரம் பில் எழுத வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். டேபிள்கள் இன்னோடிபி வகை என்றால் அந்தச் சொல்லைச் சேர்த்தால் பூட்டு தேவைப்படாது.

ஆரல்காற்று | ஞாயிறு, இரவு 10:20

இல்லை. சேர்த்துவிட்டேன். நேரத்தையும் மாற்றினேன். கடை மதியம் ஓய்ந்துவிடும், அதனால் நம் நேரம் இரண்டு மணிக்கு, கிரானில் 30 8. ஆனால் பேசாமல் சர்வரின் நேரத்தையே இந்திய நேரமாக மாற்றிவிடலாமா? இந்தக் கூட்டல் கழித்தல் எனக்கு ஆகாது.

வடசேரி பஸ் | ஞாயிறு, இரவு 10:30

மாற்று. நம் நாட்டில் கோடைக்கு ஒரு நேரம் குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தைத் தள்ளும் வழக்கம் இல்லை. ஒரே கடை, ஒரே ஊர். யாருக்காக யுடிசி? மாற்றியதும் கிரானை ஒருமுறை மறுதொடக்கம் செய், இல்லாவிட்டால் அது பழைய நேரத்திலேயே ஓடலாம். கிரானில் நீ கணக்குப் போட்டு மாற்றிய வரிகளையும் திரும்ப மாற்று. இல்லையென்றால் முதலாளிக்கு ஒன்றரைக்குப் படம் போகும்.

வேளிமலை | திங்கள், காலை 6:50

நான் மாற்றமாட்டேன். நாளைக்கு இன்னொரு சர்வர் வரும், அது யுடிசியில் இருக்கும், இரண்டு லாகையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தலை சுற்றும். சர்வர் யுடிசியில் இருக்கட்டும். வரையும் ஸ்கிரிப்டின் தலையில் டிஸெட் (TZ, நேர மண்டலம்) என்பதை ஆசியா/கொல்கத்தா என்று வைத்தால் போதும். ஆர்ஆர்டி கோப்புக்குள் இருப்பது 1970லிருந்து எண்ணிய விநாடிதான். எந்த ஊர் நேரத்தில் எழுதுவது என்பது வரையும்போது முடிவாகிற விஷயம். பழைய பதிவும் அப்படியே சரியாகிவிடும். இதில் ஆளுக்கொரு மதம், எனக்கு இதுதான்.

ஆனால் நேர மண்டலத்தை எங்கே மாற்றினாலும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. மாதப் படத்துக்காக "நாளுக்கு ஒரு புள்ளி" என்று ஆர்ஆர்டியில் சுருக்கி வைத்தால், அது நாளை வெட்டுவது யுடிசி நள்ளிரவில். நம் கணக்கில் காலை ஐந்தரை. உன் சந்தை இரண்டரைக்குத் தொடங்கி ஏழு வரை நடக்கிறது என்று வைத்துக்கொள். ஒரே சந்தையின் முன்பாதி நேற்றைக்கும் பின்பாதி இன்றைக்கும் போய்விடும். அதனால் நாள் கணக்கில் சுருக்காதே. அரைமணிக்கு ஒன்றாகச் சுருக்கி வை. ஐந்தரை மணி நேரம் அரைமணியால் மிச்சமில்லாமல் வகுபடும், வெட்டு நம் கடிகாரத்தோடு சரியாகப் பொருந்தும். ஒருமணிக்கு ஒன்று என்று வைத்தாலும் பொருந்தாது, கவனி. அப்புறம் "ஒரு நாள்" என்பதை உன் ஸ்கிரிப்ட் தன் விருப்பப்படி கூட்டிக்கொள்ளட்டும்.

குழித்துறை டீச்சர் | திங்கள், காலை 7:30

படத்தின் மூலையில் "வரைந்தது: இன்ன தேதி, இன்ன மணி, இந்திய நேரம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒருமுறை மூன்று வாரம் ஒரே படம் இருந்தது. ஸ்கிரிப்ட் செத்துப்போனது யாருக்கும் தெரியவில்லை, பிரிண்டர் மட்டும் பழைய கோப்பை விசுவாசமாக அடித்துத் தள்ளியது.

இன்னொன்று, வரையும்போதே இறுதிப் பெயரில் எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் அதே டிஸ்கில் பெயரை மாற்றுங்கள். பாதி வரைந்த படத்தை பாட் தூக்கிக்கொண்டு போகாது.

ஆரல்காற்று | புதன், காலை 8:20

வேளிமலை சொன்னபடி சர்வரை யுடிசியிலேயே விட்டு ஸ்கிரிப்டில் மட்டும் நேரத்தை மாற்றினேன் (வடசேரி அண்ணன் கோபிக்கவேண்டாம்). மூலையில் நேரம் எழுதுகிறது. நேற்றும் இன்றும் பில் நிற்கவில்லை. படத்தில் நாலு மணி சமமாக இருக்கிறது, இந்த முறை அது நிஜமான நாலு மணி. மலை மதியம் இரண்டுக்கு நகர்ந்துவிட்டது, அப்போது கடையில் எலிதான்.

முதலாளி இன்றைக்குப் படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். இரண்டு விரலால் பெரிதாக்கி, "இந்தக் கோடு நல்லா இருக்குடே. இதே மாதிரி பிச்சி விலையும் தினமும் ஏறினது இறங்கினது போட முடியுமா? ஓணம் வருதுல்லா" என்கிறார். எண்ணைத் தினமும் பையன் ஒருவன் அடித்துக் கொடுப்பான். அதே ஆர்ஆர்டியில் போடலாமா?

வேளிமலை | புதன், காலை 8:35

போடலாம். நாளுக்கு ஒரு எண் என்றால் இடைவெளியையும் ஹார்ட்பீட்டையும் அதற்கேற்ப மாற்றிப் புதுக் கோப்பு உருவாக்கு. வகை மட்டும் கேஜ் (வந்த எண்ணை அப்படியே வைப்பது) என்று கொடு, கவுன்டர் கொடுத்துவிடாதே. கவுன்டர் என்றால் எண் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பும். இறங்கினால், 32 பிட் எண்ணின் எல்லையான 429 கோடியைத் தொட்டுச் சுற்றி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். பிச்சி விலை விழுந்த அன்றைக்கு உன் முதலாளிக்கு வானத்தை முட்டும் கோடு போகும்.

வடசேரி பஸ் | புதன், காலை 8:41

அதைப் பார்த்து அவர் பூவைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறார், சீக்கிரம் கேஜ் போடு.

முட்டம் விளக்கு | புதன், காலை 9:10

அந்த வரையும் ஸ்கிரிப்டை இங்கே ஒட்ட முடியுமா? ஐஸ் விலைக்கும் கேட்பார்கள்போல.